இரண்டு வருஷத்து நிரந்தரம்

2024 ஜூன் 20, வியாழக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். காரைக்குடியில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பத்திரத்தின் நகலைப் படித்துக்கொண்டிருந்தேன். தங்கை மகள் கூப்பிட்டாள். கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பிரதேசத்தின் தலைநகரான வொயிட்ஹார்ஸில் இருந்தாள். அங்கே இன்னும் புதன்கிழமை மாலை ஆறரை. பன்னிரண்டாவது சர்வதேசப் பெர்மாஃப்ராஸ்ட் மாநாட்டுக்காகப் போயிருந்தாள். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணில் இருக்கும் கரிமத்தை அளக்கிறவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது செப்டம்பர் மாதம் சிக்ரியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு போய், உப்புத் தண்ணீரில் துரு ஏறும் ஆணியை அரைமணி நேரம் நின்று பார்த்தவள்.

"அம்மான், பெர்மாஃப்ராஸ்ட்னா என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"நிரந்தரமா உறைஞ்சு கெடக்குற நெலம்."

"எத்தனை வருஷம் உறைஞ்சு கெடந்தா நிரந்தரம்?"

நான் ஆயிரம் என்றேன். அவள் சிரித்ததும் லட்சம் என்றேன்.

"ரெண்டு வருஷம்" என்றாள். "தொடர்ந்து ரெண்டு வருஷம் பூஜ்யம் டிகிரிக்கு மேல போகாம இருந்தாப் போதும். அதுதான் டெஃபனிஷன்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது உண்மைதான் என்று தெரிந்தது. மண்ணோ பாறையோ, அதில் பனிக்கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்யம் டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருந்தால் அது பெர்மாஃப்ராஸ்ட். சைபீரியாவில் சில இடங்களில் அது ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இளகாத மண்ணும் உண்டு. ஆனாலும் அந்தப் பெயரைப் பெறுவதற்கு இரண்டு வருஷம் போதும்.

அன்று என் மடியில் இருந்த பத்திரம் எங்கள் பூர்வீக வீட்டின் விற்பனைப் பத்திரம். அந்த இரண்டு வருஷக் கணக்கும் இந்தப் பத்திரமும் ஒரே காலையில் வந்து சேர்ந்ததால் எனக்குள் ஏற்பட்ட குழப்பத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது அந்த வீடு. என் பாட்டையா கட்டியது. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், வளவில் கருங்கல் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை, சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பளபளப்பு. கையை வைத்தால் இன்றைக்கும் சித்திரை மாதத்தில் குளிர்ந்திருக்கும். வீடு தரையிலிருந்து நல்ல உயரம். பூம்புகாரில் கடல்கோளில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் நாம், தண்ணீர்ப் பயம் ரத்தத்திலேயே இருக்கிறது, அதனால்தான் இந்த உயரம் என்று அப்பத்தா சொல்லுவார். வரலாற்று ஆசிரியர்கள் என்ன சொன்னாலும் நூறு படி ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு அதுதான் காரணம்.

இப்போது வீட்டுக்கு இருபத்துமூன்று பங்கு. பங்காளிகள் சென்னையில், கோவையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில், அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு அறை உண்டு, அறைக்கொரு பூட்டு உண்டு. உள்ளே கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பாத்திரங்கள் இருட்டில் கிடக்கின்றன. கிட்டத்தில் இருப்பவன் நான் என்பதால் வாசல் சாவி என்னிடம். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் மாதம் ஒருமுறை போய்த் திறந்து, பெருக்கச் சொல்லி, பூட்டிவிட்டு வருவேன்.

வளவின் தென்மேற்கு மூலையில் இரண்டு கூரைகளும் சேர்ந்து தண்ணீர் இறங்கும் இடத்தில் ஓடு நகர்ந்துவிட்டது. முதலில் ஒரு கை அகலத்துக்குக் கசிந்தது. நாலு ஐப்பசி போனபின் அடியில் இருந்த ரீப்பர்கள் உளுத்துப்போயின. தேக்கு உத்தரத்தில் கரையான் ஏறாது என்பார்கள். ஈரம் ஏறும். சுவரில் பாட்டையா காலத்துப் பூச்சு செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. பங்காளிகளுக்கு எழுதினேன். எல்லோருக்கும் வருத்தம். "நான் ஒருத்தன் குடுத்து என்ன ஆகப்போகுது? எல்லாரும் குடுத்தா நானும் குடுக்குறேன்" என்று இருபத்திரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தை எழுதினார்கள். உண்மையைச் சொன்னால் இருபத்துமூன்றாவது ஆளாக அதே வாக்கியம் என் மனதிலும் இருந்தது.

பிறகுதான் பழைய சாமான் எடுக்கிற ஒருவர் வந்தார். தூண் தனி விலை, நிலைக்கதவு தனி விலை, ஓடு, கல், கம்பி எல்லாம் தனித்தனி விலை. கடைசியில் மனை. என் பங்குக்கு நாலு லட்சத்துச் சொச்சம் வரும். பதினாலு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பத்திரம் என்னிடம் வந்திருந்தது.

*

பெர்மாஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அலாஸ்காவில் சாலையும் விமானத்தளமும் போட வேண்டியிருந்த அமெரிக்க ராணுவத்துக்காக, சீமோன் முல்லர் என்ற புவியியலாளர் 1943-இல் ரஷ்ய நூல்களைப் படித்துத் தொகுத்து எழுதியபோது உண்டாக்கிய சொல் அது. ரஷ்யர்கள் அதற்குமுன்பே 'நித்திய உறைவு' என்று பொருள்படும் சொல்லை வைத்திருந்தார்கள். பின்னால் அவர்களுடைய விஞ்ஞானிகளே 'நித்தியம்' கொஞ்சம் அதிகம் என்று எண்ணி, 'பல ஆண்டு' என்று பொருள்வரும் சொல்லுக்கு மாறினார்கள். நித்தியத்திலிருந்து பல்லாண்டுக்கு இறங்கியது. மணமக்களுக்கு நாம் வாழ்த்துச் சொல்லும்போதும் பல்லாண்டு என்றுதான் சொல்கிறோம். அது உறுதிமொழி கிடையாது, வேண்டுதல்தான்.

இந்த அறிவின் தொடக்கத்தில் ஒரு வணிகர் இருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சைபீரியாவில் யாகூட்ஸ்க் நகரில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியின் பொறுப்பாளராக இருந்த ஃபியோதர் ஷெர்கின், 1828-இல் கிணறு வெட்ட ஆரம்பித்தார். தண்ணீருக்காகத்தான். தோண்டத் தோண்ட உறைந்த மண்ணாகவே வந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது, அந்த வழியே வந்த கடற்படை அதிகாரி ராங்கல், விஞ்ஞானத்துக்காகவாவது தோண்டுங்கள் என்று ஊக்கினாராம். 1837 வரை தோண்டினார். 116 மீட்டருக்கும் மேல். உறைமண் முடியவில்லை, தண்ணீர் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து மிடென்டார்ஃப் என்ற ஆய்வாளர் அந்தக் கிணற்றில் இறங்கி ஒவ்வொரு ஆழத்திலும் வெப்பநிலையை அளந்தார். மண்ணுக்குள் குளிர் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிய முறையான அறிவு அந்த வறண்ட கிணற்றிலிருந்து தொடங்கியது. ஊருக்கு ஊர் ஊருணியும் கிணறும் வெட்டிய செட்டிநாட்டில் இந்தக் கதையைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. தண்ணீர் வராத கிணற்றை மூடாமல் விட்டுவைத்ததுதான் அதில் ஆச்சரியம்.

யாகூட்ஸ்கில் இன்று லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். அடுக்குமாடிக் கட்டடங்கள் உறைமண்ணுக்குள் இறக்கிய தூண்களின் மேல், தரையைத் தொடாமல் நிற்கின்றன. கீழே காற்று ஓடுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஏனென்றால் தரையோடு ஒட்டி வீடு கட்டினால், வீட்டுக்குள் மூட்டும் கணப்பின் சூடு கீழே இறங்கி, வீட்டைத் தாங்கும் மண்ணையே இளக்கிவிடும். நாம் தண்ணீருக்குப் பயந்து வீட்டை உயர்த்தினோம். அவர்கள் தங்கள் சூட்டுக்கே பயந்து உயர்த்தியிருக்கிறார்கள். இதை மருமகள் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். தாங்குகிற நிலத்தைச் சூடாக்காமல் அதன்மேல் வாழ்வது எப்படி என்பது ஒரு பொறியியல் கேள்விதான். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் ஒரு அறநூலின் முதல் கேள்வியாக வைக்கலாம்.

*

அந்த மண்ணுக்குள் இருப்பது வெறும் குளிர் கிடையாது. செடி, வேர், இலை, விலங்கு எல்லாம் மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாக அடைந்து கிடக்கின்றன. வட பகுதியின் உறைமண் பிரதேசங்களில் இருக்கும் கரிமம் சுமார் 1,50,000 கோடி டன் என்று கணக்கிடுகிறார்கள். இப்போது காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு அதைத் தின்னத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் வெளிவரும். அது பூமியை இன்னும் சூடாக்கும், இன்னும் கொஞ்சம் இளகும். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவனுக்கு இதற்கு ஒரே பெயர்தான் தோன்றுகிறது: கூட்டுவட்டி. எல்லாம் ஒரே நாளில் வெடித்துவிடாது, பத்தாண்டுகளிலும் நூற்றாண்டுகளிலும் நடப்பது என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கூட்டுவட்டியும் முதல் வருஷம் யாரையும் பயமுறுத்துவதில்லை.

2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில் உலகின் உறைமண் சராசரியாக 0.29 டிகிரி சூடாகியிருக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லாத எண். பல நாடுகளில் ஆழ்துளைகளுக்குள் கருவியை இறக்கி வருஷக்கணக்காகக் குறித்துவைத்தால் மட்டுமே அந்த எண் கிடைக்கும். மாநாட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி ஏதோ ஒரு குழிக்குச் சாவி வைத்திருப்பவர்கள்.

மாநாடு முடிந்தபின் நண்பர்களோடு டாசன் பக்கம் போய்விட்டு வந்து மருமகள் மறுபடி கூப்பிட்டாள். அந்தப் பக்கத்து கிளாண்டைக் தங்க வயலில்தான் 2022 ஜூனில் ஒரு மாமத் யானைக்குட்டி உறைமண்ணிலிருந்து கிடைத்தது. முப்பதாயிரம் வருஷத்துக்கும் மேலான உடல், தோலும் தும்பிக்கையும் கெடாமல். அந்த நிலத்துக்குரிய ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்களின் மூத்தோர் அதற்கு 'நன் சோ கா' என்று பெயர் வைத்தார்கள். பெரிய விலங்குக் குழந்தை என்று அர்த்தமாம். "மண்ணு வெட்டி வச்ச எடத்துல நின்னா ஒரு வாடை அடிக்குது அம்மான். புளிச்ச மாதிரி, மாட்டுத் தொழுவம் மாதிரி. முப்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின புல்லு இப்பத்தான் அழுக ஆரம்பிக்குது."

நம் வீட்டு மூலை அறையைத் திறந்தால் வரும் வாடையை நான் நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் எங்கோ துருவத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 3 இரவு, சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரியின் கரையோரம் உறைந்து நின்ற சரிவு ஒன்று இடிந்து ஏரிக்குள் விழுந்தது. ஏரி உடைந்து தீஸ்தாவில் வெள்ளமாக இறங்கியது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். சரிவைப் பிடித்துவைத்திருந்த உறைமண் இளகியதன் பங்கைப் பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்த மண்ணைப் பிணைத்திருந்தது சிமெண்டு கிடையாது, குளிர்தான்.

*

இப்போது கேள்விக்கு வருகிறேன். நிரந்தரம் என்பதே இரண்டு வருஷம்தான் என்றால், எதைக் காப்பாற்ற வேண்டும்? ஏன்?

நம்முடைய மரபில் இதற்கு ஒரு சுலபமான பதில் கையிலேயே இருக்கிறது. நிலையாமை. குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே உண்டு. நகரத்தார் போற்றும் பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிட்டு வெளியேறியவர். கையெழுத்துப் போட்ட பங்காளி ஒருவர் அவரைத்தான் எனக்கு நினைவூட்டினார். "எதுதாண்ணே நிரந்தரம்? பட்டினத்தார் விட்டுட்டுப் போகலையா?"

யோசித்துப் பார்த்தேன். பட்டினத்தார் விட்டுவிட்டுப் போனார். தூணைப் பெயர்த்து விற்றுவிட்டுப் போகவில்லை. நிலையாமை எனக்குச் சொல்லப்பட்ட செய்தி. என் பிடி தளரட்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. அதையே பிறருக்குப் போய்ச் சேரவேண்டிய ஒன்றைச் செலவழித்துவிட அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டால், துறவின் பெயரால் நடக்கும் விற்பனைதான் அது. 'எல்லாம் ஒருநாள் அழியும்' என்பது உண்மை. 'ஆகவே நான் இன்றைக்கே அழிக்கலாம்' என்பது அதிலிருந்து வராது. எல்லோரும் சாகப்போகிறவர்கள்தான் என்பதால் யாரும் கொலையை மன்னிப்பதில்லை.

இரண்டாவது பதில் கணக்கு சம்பந்தப்பட்டது. நான் ஒருவன் கொடுத்து என்ன ஆகும்? இந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்பதுதான் இதன் பலம். என் மூவாயிரம் ரூபாயில் கூரை நிற்காது. என் ஸ்கூட்டரை விற்றுவிட்டுச் சைக்கிளில் போனால் யூகானில் ஓரங்குல மண்கூட உறையாது. ஆனால் கூரை எதனால் விழுகிறது என்று பார்த்தால் இருபத்துமூன்று உண்மையான வாக்கியங்களால்தான் விழுகிறது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் ஓட்டை உடைக்கவில்லை. வீடு மட்டும் போய்விடுகிறது.

வங்கியில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், சிறிய தொகை என்பதற்காக எதையும் பேரேட்டில் எழுதாமல் விடக்கூடாது என்பது. ஒரு ரூபாய் ஐந்தொகையை மாற்றிவிடாது. ஆனாலும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது சிறியதாக இருப்பதை விட்டுவிட்டு இல்லாததாகிவிடும். என் செயலால் என்ன விளையும் என்று கேட்டால் 'ஏறக்குறைய ஒன்றுமில்லை' என்பது நேர்மையான பதில். இந்தக் கணக்கில் என் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது. நாம் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் விடையைக் கொடுத்துத் தப்பிக்கிறோம்.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகமாகச் சங்கடப்படுத்துவது. இந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, அதை வாங்கிய பணமும் அங்கிருந்துதான் வந்தது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-க்குள் அது 25 விழுக்காடு ஆனது. நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை, அடமானம் கடைக்கு வந்தது. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு முதலாளியும் செய்தது அவரவர் கணக்கில் நியாயமானது. மொத்தத்தில் அந்த மாவட்டங்களின் நிலத்தில் கால்வாசி கைமாறியிருந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது நம்மவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. நிரந்தரம் என்று நம்பியது கையைவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி நூறு கதை உண்டு. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கதை ஒன்றுகூட இல்லை.

எனவே 'நான் தனியாக என்ன செய்துவிட்டேன்' என்ற வாக்கியம் எங்கள் குடும்பத்துக்குப் புதியது கிடையாது. தூரத்தில் இருப்பவர்களுக்கு நம்மால் நேர்வது நம் பேரேட்டில் ஏறுவதில்லை என்பதும் பழைய பழக்கம். அலாஸ்காவில் நியூடாக் என்ற யூபிக் மக்களின் கிராமம் இளகிய மண்ணாலும் ஆற்று அரிப்பாலும் வாழமுடியாததாகி, 2019 முதல் குடும்பம் குடும்பமாக மெர்டார்விக் என்ற புது இடத்துக்கு மாறியது. அந்த மக்களுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், பாட்டையாவுக்கும் ஒரு பர்மிய விவசாயிக்கும் எவ்வளவு தொடர்பு இருந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவருக்காவது அந்த விவசாயியின் பெயர் தெரியும், சிட்டையில் எழுதியிருப்பார்.

அப்படியானால் இந்த வீடு போகட்டும் என்று விட்டுவிடுவதுதான் பரிகாரமா? அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. தூண்களை விற்றால் வரும் பணம் பர்மாவுக்குப் போகப்போவதில்லை, எங்களுக்குத்தான் வரும். சொத்தை எடுத்துக்கொண்டவன் அதன் கடனையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான். வீட்டை வைத்துக்கொண்டால் அந்தக் கதையையும் வைத்துக்கொள்ள வேண்டும். விற்றுவிட்டால் முதலில் காணாமல் போவது கதைதான்.

*

"எனக்கு அந்த வீட்டுல பங்கு கெடையாது அம்மான். ஆத்தா பொறந்த வீடு, அவ்வளவுதான்" என்றாள் மருமகள். "ஆனா சின்ன வயசுல வந்து முற்றத்து மழையில நனைஞ்சது நான்தான். பங்கு இருக்குற உங்க பேரப்புள்ளைங்க ஒருத்தரும் நனையல." குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பங்கு இருப்பவர்கள் ஒரு பக்கம், பாதிக்கப்படுபவர்கள் ஒரு பக்கம், கவலைப்படுபவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

அதன்பின் ஒரு விஷயம் உறைத்தது. இதே பங்காளிகள், இதே ஊர்க்காரர்கள், நகரக் கோவில்களை மட்டும் எப்படிப் பழுதில்லாமல் வைத்திருக்கிறார்கள்? இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோவில்களையும் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு ஓடு நகர்ந்து நாலு ஐப்பசி ஆகாது. காரணம் பக்தி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோவிலில் பங்கு கிடையாது, புள்ளி உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. ஏழையோ பணக்காரனோ, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. அதற்குமேல் ஆஸ்திக்கு ஏற்ற வரி தனி. பங்கு என்பது எனக்கு வரவேண்டியதைச் சொல்லும் கணக்கு. புள்ளி என்பது நான் தரவேண்டியதைச் சொல்லும் கணக்கு. ஒரே ஆட்கள் ஒரே காலத்தில் வீட்டைப் பங்காகவும் கோவிலைப் புள்ளியாகவும் நடத்தினார்கள். கோவில் நிற்கிறது, வீடு ஒழுகுகிறது. (இந்தப் புள்ளிக் கணக்கில் பெண்கள் தனியாக எண்ணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குறையோடுதான் இதைச் சொல்கிறேன்.)

1992-இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் பருவநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது, பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு அவரவர்க்கு வேறு என்று ஒரு கொள்கை வகுத்தார்கள். புள்ளியும் ஆஸ்தியும்தான். கொள்கையில் ஒப்புக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேலாகியும் நடைமுறையில் நாடுகள் இன்னும் பங்காளிகளாகவே உட்கார்ந்திருக்கின்றன. அவன் முதலில் வைக்கட்டும், நான் வைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் அந்த மாநாட்டின் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது. அதுவரை, நாலு நாள் கூடிப் பேசி ஒரு பிடி மண்ணைக்கூட உறையவைக்க முடியாதவர்கள் எதற்கு விமானம் ஏறிக் கூடுகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அவளிடமே கேட்டேன். "எங்களுக்கும் அந்தச் சங்கடம் உண்டு" என்றாள். முதல் மாநாடு 1963-இல் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் நடந்தது. இரண்டாவது 1973-இல் யாகூட்ஸ்கில். பனிப்போர் நாட்களில் அமெரிக்கர்களும் கனடியர்களும் சோவியத் மண்ணுக்குப் போய் ஒன்றாக உட்கார்ந்தார்கள். 1983-இல் ஃபேர்பேங்க்ஸில் சர்வதேசப் பெர்மாஃப்ராஸ்ட் சங்கம் உருவானபோது அமெரிக்கா, கனடா, சோவியத் ஒன்றியம், சீனா நாலும் சேர்ந்து நின்றன. உறைமண்ணின் பெரும்பகுதி ரஷ்யாவில் இருக்கிறது. அந்த நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் மேற்கு நாடுகளுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான ஆர்க்டிக் ஆய்வுத் தொடர்புகள் பெரும்பாலும் அறுந்துபோயின.

எங்களில் படைப்பு என்று ஒன்று உண்டு. பங்காளிகள் எல்லோரும் கூடி, முன்னோருக்கு வேட்டி சேலை வைத்துப் படைத்து, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது. வழக்காடிக்கொண்டிருப்பவர்களும் வருவார்கள். முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவார்கள். அதனால் வழக்குத் தீர்ந்துவிடாது. ஆனால் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், எந்த அறை ஒழுகுகிறது என்ற கணக்கு அன்றைக்கு நேராகும். பெரிய அறையின் சாவி வைத்திருக்கும் பங்காளி படைப்புக்கு வராமல் போனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. அவர் செய்த தப்புக்கு அவரைக் கூப்பிடக்கூடாது என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. போரில் சாகிறவர்களுக்கு முன்னால் மண்ணின் வெப்பநிலை சின்ன விஷயம்தான். இருந்தாலும் அந்த அறையின் கூரைக்கும் நம் அறையின் கூரைக்கும் ஒரே உத்தரம் என்பது மாறப்போவதில்லை. இதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லை.

*

நான் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. அந்த ஆடி மாதம் பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே கடிதம் எழுதினேன். பங்கு என்ற சொல்லை அதில் போடவில்லை. கல்யாணமானவர்களைப் புள்ளியாக எண்ணினால் நாற்பத்தொன்று வந்தது. பெண்மக்களையும் சேர்த்து எண்ணினேன், விருப்பப்பட்டால் தரலாம் என்று. புள்ளிக்கு மூவாயிரம், வசதி உள்ளவர்கள் மேலே எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கோரிக்கை ஒன்றுதான்: ரெண்டு வருஷம். ரெண்டு வருஷத்துக்குக் கூரையை ஒழுகாமல் வைப்போம், அதன்பின் விற்பதா வேண்டாமா என்று கூடிப் பேசுவோம்.

பாதிப் பேருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தார்கள். சிலர் பதில் எழுதவில்லை. ஒருவர் போனில் கோபமாகப் பேசினார், வீட்டை வைத்துப் பெயர் வாங்கப் பார்க்கிறேன் என்று. முதலில் வந்த மூவாயிரம் வொயிட்ஹார்ஸிலிருந்து திரும்பிய மருமகளுடையது. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் எழுபது வயதுக்காரர் ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். உளுத்த ரீப்பர்களை மாற்றி, தகரத் தூம்பைப் புதிதாக அடித்து, நாட்டு ஓட்டைத் தட்டிப் பார்த்து அடுக்கினார். "எத்தனை வருஷம் தாங்கும்ணே?" என்று கேட்டேன். "வருஷா வருஷம் ஏறிப் பாத்தாத் தாங்கும்" என்றார்.

அந்த ஐப்பசியில் மூலை ஒழுகவில்லை. அடுத்த ஐப்பசியில் அந்த மூலை சரியாக இருந்தது, வடக்குப் பக்கம் வேறொரு இடத்தில் கசிந்தது. நானும் அந்தப் பேரனும் ஏறிப் பார்த்தோம். பத்திரம் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. வருகிற ஆடியோடு இரண்டு வருஷம் முடிகிறது. பங்காளிகளுக்குக் கடிதம் எழுத வேண்டும்.